இருபது பார்

ஐந்து மணிக்குக் கம்பிரசரை முடுக்கினேன்.
பாசையூர்ப் பக்கத்துக் காற்று.
டீசல் புகையை உறிஞ்சாதபடி
குழாயின் வாயைக் காற்று வரும் பக்கம் திருப்பிக் கட்டினேன்.
இரவுக்கு ஒன்பது சிலிண்டர்.

றெக்சன் வந்து நின்றான், தோளில் ஈரத் துவாய்.
"கெதியாய் அக்கா, போட் வெளிக்கிடப்போகுது."

கெதியாய் நிரப்பினால் சூடு.
பின்னால் வருவது முன்னால் நிற்பதை நெரிக்க,
நெரிபட்டது ஓட்டமெடுக்க,
அந்த ஓட்டத்தைத்தான் கை சூடு என்கிறது.
உருக்கில் உள்ளங்கையை வைத்தேன்.
ஒன்று, இரண்டு,
எடுத்துவிட்டேன்.
அறுபது பாகை இருக்கும்.
முள் இருநூறில் நின்றது.

"தொட்டிக்குள்ளை கிடக்கட்டும். ஆறினாப் பிறகு மிச்சத்தை அடிக்கிறன்."
"இருநூறு காட்டுதே, பிறகென்ன?"
கொண்டுபோய்விட்டான்.

விடியப்புறம் வந்தான், கண் சிவந்து, உப்புப் பூத்து.
"அட்டை முன்னாலை கிடக்கு, நாலைஞ்சு, பெரிசு.
மூச்சில்லை. விட்டிட்டு மேலை வந்தனான்.
தண்ணிக்கை இறங்கின கையோடை பாத்தன், நூற்றியெண்பது.
அக்கா, நீங்கள் காத்திலையும் களவெடுக்கிறியளோ?"

பன்னிரண்டு வருசம் குருநகரில் காற்று விற்கிறேன்.
ஒருத்தரும் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

ஒன்றும் பேசாமல் இன்னொன்றைப் பூட்டினேன்,
அவனுக்குப் போலவே, அவதியாய், இருநூறுக்கு.
வாயிலில் சவர்க்கார நுரை தடவினேன்.
தொட்டிக்குள் இறக்கினேன்.
"பார்" என்றேன்.

பார் என்றால் அலகு.
பார் என்றால் உலகமும்தான், அது வேறு.
நான் சொன்னது, கண்ணைத் திறந்து பார்.

நூற்றித் தொண்ணூற்றெட்டு.
நுரையில் ஒரு குமிழி அசையவில்லை.
நூற்றித் தொண்ணூற்றிரண்டு.
அவன் குனிந்து காதை வைத்துக் கேட்டான்,
சீறல் இல்லை.
தொட்டித் தண்ணீர்தான் கொஞ்சம் வெதுவெதுப்பானது.

"எங்கை போகுது?"
"எங்கையும் போகேல்லை.
உள்ளை அதே ஆக்கள், அதே தொகை.
இப்ப மெதுவாய் நடக்கினம்."

யாகப்பர் பெருநாளில் சொரூபம் திரும்பும் ஒழுங்கை.
பாண்ட் உச்சத்தில், சனம் மதிலில் தோளை மோதும்.
ஒருத்தருக்கும் மதிலோடு பகையில்லை;
மதிலைத் தள்ளுகிறோம் என்பதும் தெரியாது.
பாண்ட் அடங்கியபின்
அதே சனம், அதே ஒழுங்கை,
மதிலுக்கு மட்டும் ஆறுதல்.

ஒரு மூலக்கூறைத் தனியே பிடித்து
நீ எவ்வளவு சூடு என்று கேட்க முடியாது.
வேகம் இருக்கிறது என்று சொல்லும், திசை இருக்கிறது,
போன நொடியில் மோதிய மூன்று பேரைப் பற்றிச் சொல்லும்.
சூடு அதற்குத் தெரியாது.
அமுக்கம் என்ற சொல்லைக் கேட்டிருக்காது.
கோடானுகோடி தெரியாமைகள் உருக்கில் தட்டுகின்றன,
முள் அசையாமல் நிற்கிறது,
ஏதோ ஒருவர் முடிவெடுத்துத் தள்ளுவதுபோல.

உயர்தரத்தில் பௌதிகவியலுக்கு எனக்கு எஸ்.
இருநூற்று எழுபத்துமூன்றைக் கூட்டு என்றது மட்டும் ஒட்டிக்கொண்டது.
முந்நூற்று முப்பத்துமூன்று
கடலில் முந்நூற்றொன்றாய் இறங்கினால்
இருநூறு நூற்றியெண்பதாகும்.
சிட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.
அவன் சிட்டையைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்தான்.

நூற்றியெண்பத்தொன்றில் நின்றது.

"அப்ப அந்த நாலு நிமிசம்?"
"நீ இஞ்சை இருந்திருக்க வேண்டிய அரை மணித்தியாலம்."
சொன்னபின் கொஞ்சம் கூடிப்போனதோ என்றிருந்தது.
இருட்டில், பத்துப் பாகம் தண்ணீருக்குக் கீழே
முள் விழுந்ததைக் கண்டவன் அவன்;
நான் கட்டிலில் கிடந்தேன்.

மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.
காசு நாளைக்கு என்றான். நாளைக்கு என்றால் திங்கள்.

பின்னேரம் நாலரைக்கே வந்துவிட்டான்.
சிலிண்டரைத் தானே தொட்டியில் இறக்கி,
மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு இருந்து,
போனை எடுத்தான்.
நான் வாயிலைத் திறந்தேன்,
மெதுவாக,
ஒரு நூல்.